68 பெட்டு, ஒரு எக்செல் ஷீட்டு

கேள்வி: அக்கா, நான் நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கேன், வயசு 31, டேட்டா இன்ஜினியர். இங்க வந்த புதுசுல ஆபீஸ்ல மேட்சுக்கு கூட்டிட்டுப் போனாங்க, அப்படியே பேஸ்பால் பைத்தியம் பிடிச்சு இப்ப கிரிக்கெட்டை விட இதைத்தான் ஜாஸ்தி பாக்குறேன். இந்த சீசன் ஆரம்பத்துல இருந்து சொந்தமா ஒரு மாடல் போட்டு வச்சிருக்கேன். ஸ்டார்ட்டிங் பிட்சரோட (மேட்சை ஆரம்பிச்சு பந்து போடுறவர்) வின்-லாஸ், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா விட்ட ரன்), டீமோட பேட்டிங் ஆவரேஜ், கடைசி 10 மேட்ச் ஃபார்ம், அந்த பிட்சருக்கு எதிரா ஒவ்வொரு பேட்டரோட பழைய ரெக்கார்டு, இதெல்லாம் சேர்த்து ஒரு ஸ்கோர் வரும். 68 பெட்டு கட்டினேன், ஒவ்வொண்ணும் 100 டாலர், பெரும்பாலும் மைனஸ் 140 பக்கத்துல இருக்கிற ஃபேவரிட் டீம். 44 ஜெயிச்சுது, 24 தோத்துது, கையில 740 டாலர் லாபம். வீட்டு டவுன் பேமென்ட்டுக்குன்னு எடுத்து வச்ச 25,000 டாலர் பேங்க்ல சும்மா கிடக்கு, அதை இதுல இறக்கலாமான்னு யோசிக்கிறேன். மாடல்ல வேற என்ன ஸ்டாட்ஸ் சேர்க்கணும்? ஒரு மேட்சுக்கு எவ்வளவு கட்டலாம்? வீட்ல இன்னும் சொல்லல.

பதில்: தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை இது ஸ்டாட்ஸ் பத்தின கேள்வின்னு நினைச்சேன், ரெண்டாவது தடவை தான் அந்த கடைசி வரி கண்ணுல பட்டுச்சு, அதுக்கு அப்புறமா வரேன். புதுசா படிக்கிறவங்களுக்காக நான் யாருன்னு சொல்லிடுறேன். ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்சவ, இப்ப காலேஜ்ல பாடம் எடுக்குறேன், அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் பெட்டிங் ஆப்புங்களுக்கு பேஸ்பால் ரேட்டு போட்டுக் கொடுக்கிற ஒரு டீம்ல இருந்தேன். நீங்க ஃபோன்ல பாக்குற மைனஸ் 140ங்கிற நம்பர் இருக்கு பாருங்க, அந்த மாதிரி நம்பரை அந்தப் பக்கம் உக்காந்து போட்டவங்கள்ல நானும் ஒருத்தி.

44க்கு 24, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மைனஸ் 140னா 140 கட்டினா 100 லாபம், அதாவது 140ஐ 240ஆல வகுத்தா 58.3 சதவீதம், அதுல கம்பெனி தனக்குன்னு எடுத்து வைக்கிற கமிஷன், நாங்க ஜூஸ்னு சொல்லுவோம், அதைக் கழிச்சா அந்த டீம் ஜெயிக்க சுமாரா 57 சதவீத சான்ஸ்னு மார்க்கெட் சொல்லுது. அப்போ எந்த மாடலும் இல்லாம, மைனஸ் 140 எங்க தெரியுதோ அங்கெல்லாம் கண்ணை மூடிட்டு கட்டியிருந்தாலே 68ல 39 கிட்ட ஜெயிச்சிருக்கும். உங்களுக்கு 44. கூட வந்தது அஞ்சே அஞ்சு மேட்ச். அந்த அஞ்சு மாடல் கொடுத்ததா அதிர்ஷ்டம் கொடுத்ததான்னு கணக்குப் போட்டா, இப்படி கண்ணை மூடிட்டு கட்டுற எட்டு பேர்ல ஒருத்தருக்கு 44ஓ அதுக்கு மேலயோ தானா வந்துடும். மத்த ஏழு பேர் எனக்கு லெட்டர் எழுதல, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, உங்க கிட்ட நிஜமாவே ரெண்டு சதவீதம் எட்ஜ், அதாவது மார்க்கெட் சொல்றதை விட கூடுதல் சான்ஸ், இருக்குன்னே வைங்க, இந்த தொழில்ல ரெண்டு சதவீதம்னா பெரிய சொத்து, அதை அதிர்ஷ்டத்துல இருந்து பிரிச்சு ஓரளவு நம்பிக்கையா பாக்கணும்னா கிட்டத்தட்ட 2,450 பெட்டு வேணும். எம்.எல்.பி.ல, அதாவது அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்ல, 30 டீம், ஒவ்வொண்ணுக்கும் 162 மேட்ச், மொத்தம் 2,430. புரியுதா, ஒரு சீசன்ல நடக்கிற அத்தனை மேட்சுக்கும் ஒண்ணு விடாம கட்டினாலும் அப்பவும் 20 குறையுது.

இப்ப மாடலுக்கு வரேன், இதுல தான் எனக்கு பேச நிறைய இருக்கு.

முதல்ல பிட்சரோட வின்-லாஸை அந்த ஷீட்ல இருந்து தூக்கிப் போடுங்க, இன்னைக்கே. 2018ல ஜேக்கப் டிகிராம்னு ஒரு பிட்சர் நியூயார்க் மெட்ஸுக்கு ஆடினார், உங்க ஊர்ல இருந்து ரயில் ஏறிப் போய் பாத்திருக்கலாம், அந்த வருஷம் ஈ.ஆர்.ஏ. 1.70, பெஸ்ட் பிட்சருக்குக் கொடுக்கிற சை யங் அவார்டு வாங்கினார், அவரோட வின்-லாஸ் என்ன தெரியுமா, 10-9. மனுஷன் ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன் கொடுத்துட்டு போய் உக்காருவார், டீம் அடிக்காது, இல்லன்னா பின்னாடி வர்றவன் கோட்டை விடுவான். இதுல உங்களுக்கு இன்னொரு பாடம் இருக்கு. அந்த சீசன்ல அவர் ஸ்டார்ட் பண்ணின 32 மேட்ச்ல மெட்ஸ் 14 ஜெயிச்சுது, 18 தோத்துது. உலகத்துலேயே அந்த வருஷம் பெஸ்ட் பிட்சர் இவர்தான்னு கரெக்டா கண்டுபிடிச்சு, அவர் வர்ற நாளெல்லாம் அவர் டீம் மேல பணம் கட்டினவன் காலி, ஏன்னா அவர் நல்ல பிட்சர்ங்கிறது ஊருக்கே தெரியும், அதனால ரேட்டு ஏற்கனவே ஏறிப்போயிருக்கும். ஸ்டாட்ஸ் கரெக்ட், பெட்டு தப்பு. இந்த ரெண்டும் வேற வேறன்னு மனசுல பதிய வச்சுட்டீங்கன்னா மீதி லெட்டரை நான் எழுதவே வேணாம், ஆனாலும் எழுதுறேன்.

ஈ.ஆர்.ஏ. பத்தி. நீங்க ஷீட்டோட அனுப்பின மெயில்ல ஒரு பிட்சரை உதாரணம் காட்டியிருந்தீங்க, பேரை விடுங்க, 36 இன்னிங்ஸ், 9 ரன், ஈ.ஆர்.ஏ. 2.25. அதே மெயில்லயே அவர் 24 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்), 15 வாக் (நாலு பந்து வெளிய போட்டு ஓசில பேஸ் கொடுத்தது), ஒரு ஆளை பந்தால அடிச்சிருக்கார், 4 ஹோம் ரன்னுன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. இதை எஃப்.ஐ.பி., அதாவது ஃபீல்டர் கை படாத விஷயங்களை மட்டும் வச்சு பிட்சரை அளக்கிற ஃபார்முலால போடுவோம், ஹோம் ரன்னை 13ஆல பெருக்கு, 52, வாக்கும் அடிபட்டதும் சேர்த்து 16, அதை 3ஆல பெருக்கு, 48, ஸ்ட்ரைக்அவுட்டை 2ஆல பெருக்கி கழி, அதுவும் 48, மிச்சம் 52, அதை 36 இன்னிங்ஸால வகுத்தா 1.44, கூட 3.10 பக்கத்துல ஒரு நிலையான எண்ணைச் சேர்க்கணும், வருஷத்துக்கு வருஷம் லேசா மாறும், மொத்தம் 4.54. அதாவது 2.25ன்னு நீங்க நினைக்கிற ஆள் வேலை செஞ்சிருக்கிறது 4.54 அளவுக்கு.

ஏன் இப்படி? பேட்ல பட்டு ஃபீல்டுக்குள்ள போற பந்து ஹிட் ஆகுமா கேட்ச் ஆகுமாங்கிறதுல பிட்சரோட கை ரொம்ப கம்மி. 2001ல வோரோஸ் மெக்ராக்கன்னு ஒருத்தர் இதை எழுதினப்போ யாரும் நம்பல, பிட்சர் கையில இல்லாம வேற யார் கையில இருக்கும்னு சண்டைக்கு வந்தாங்க. ஆனா டேட்டா அவர் பக்கம் தான் நின்னுச்சு, அப்புறம் வந்தவங்க கொஞ்சம் திருத்தம் சொன்னாங்க, அடிப்படை அப்படியே இருக்கு. நம்ம கிரிக்கெட் பாஷைல சொன்னா இன்சைட் எட்ஜ் ஸ்டம்பை உரசாம ஃபைன் லெக்ல நாலு போறது இல்லயா, அதை வச்சு பவுலர் மோசம்னு சொல்லுவீங்களா, அதே மாதிரி தான். ஃபீல்டுக்குள்ள விழுற பந்துல எத்தனை ஹிட் ஆகுதுன்னு பாக்குற அளவை பாபிப்னு சொல்லுவாங்க, லீக் முழுக்க பாத்தா .290ல இருந்து .300 வரைக்கும் தான் சுத்தும். ஒரு ஆளுக்கு ஆறு மேட்ச் முடிஞ்சு .220 இருந்தா, அவர் பந்தை யாரோ ஓடி ஓடிப் பிடிச்சுக் கொடுத்திருக்காங்க, இல்ல நேரா கைக்கே போயிருக்கு, ரொம்ப நாள் அப்படிப் போகாது.

பேட்டிங் ஆவரேஜும் இதே கதை தான். வாக்கைக் கணக்குல எடுக்காது, சிங்கிளும் ஹோம் ரன்னும் அதுக்கு ஒண்ணு. அதுக்குப் பதிலா டபிள்யூ.ஆர்.சி. பிளஸ்னு ஒண்ணு இருக்கு, 100னா லீக் சராசரி, 120னா சராசரியை விட 20 சதவீதம் ஜாஸ்தி, மைதானத்தையும் சரி பண்ணிக் கொடுத்துடும், இலவசமாவே கிடைக்குது, அதைப் போடுங்க. கடைசி 10 மேட்ச் ஃபார்ம்ங்கிறது பெரும்பாலும் சத்தம் மட்டும் தான். பிட்சருக்கு எதிரா பேட்டரோட பழைய ரெக்கார்டு, 12 தடவை ஆடி 7 ஹிட்டு மாதிரி, டி.வி.ல கிராஃபிக்ஸ் போட ரொம்ப நல்லா இருக்கும், மாடல்ல போட்டா குப்பை. அதுல பாதி நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது, அப்ப அந்த பிட்சர் கிட்ட இப்ப இருக்கிற ஸ்லைடரே இருந்திருக்காது. சீக்கிரம் நம்பக்கூடிய ஸ்டாட் வேணும்னா ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்தைப் பாருங்க, 60, 70 பேட்டர் பாத்தாலே ஓரளவு உருப்படியா ஏதாவது சொல்லும்.

டீமோட வெற்றி தோல்வியை விட ரன் கணக்கு நல்லா பேசும். பேஸ்பால் ஸ்டாட்ஸ்ல பெரிய பேரான பில் ஜேம்ஸ் கொடுத்த பித்தகோரஸ் ஃபார்முலா தெரிஞ்சிருக்கும், எடுத்த ரன்னை ஸ்கொயர் பண்ணி, எடுத்த ஸ்கொயரும் விட்ட ஸ்கொயரும் கூட்டினதால வகுத்தா ஜெயிக்க வேண்டிய சதவீதம் வரும், இப்ப 2க்குப் பதிலா 1.83னு போடுவாங்க. 2016 டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 95 மேட்ச் ஜெயிச்சாங்க, ஆனா சீசன் முழுக்க எடுத்த ரன்னுக்கும் விட்ட ரன்னுக்கும் வித்தியாசம் வெறும் 8, ஒரு ரன் வித்தியாசத்துல முடிஞ்ச மேட்ச்ல மட்டும் 36-11. மன உறுதி, அனுபவம்னு என்னென்னவோ சொன்னாங்க. அடுத்த வருஷம் 78 ஜெயம், 84 தோல்வி. ஆனா எல்லா தடவையும் இப்படியே நடக்கும்னு நம்பிட வேணாம், 2021 சியாட்டில் மரைனர்ஸ் எடுத்ததை விட 51 ரன் ஜாஸ்தி விட்டுட்டு 90 மேட்ச் ஜெயிச்சாங்க, அடுத்த வருஷம் விழுவாங்கன்னு நாங்க ஆபீஸ்ல எல்லாரும் அடிச்சுச் சொன்னோம், அடுத்த வருஷமும் 90. ஏன்னா டீமே நிஜமா நல்லா ஆயிடுச்சு. எனக்கு அதுல ஒரு டின்னர் போச்சு.

மைதானம் உங்க மாடல்ல இல்லவே இல்ல, இது எனக்கு ஆச்சரியம். டென்வர்ல கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்துல இருந்து ஒரு மைல் உயரம், காத்து லேசு, பந்து பறக்கும், கர்வ் பால் சரியா வளையாது, 2002ல இருந்து பந்தை ஈரப்பத அலமாரில வச்சு எடுத்துத் தர்றாங்க, அப்பவும் லீக்லயே அதிகமா ரன் வர்ற இடங்கள்ல அது ஒண்ணு. அங்க ஆடுற பேட்டரோட ஆவரேஜையும் சியாட்டில்ல ஆடுறவன் ஆவரேஜையும் ஷீட்ல ஒரே காலம்ல (நெடுவரிசைல) போட்டு கூட்டிட்டு இருக்கீங்க. சிகாகோ ரிக்லி ஃபீல்டுல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம டோட்டல் பெட்டு (ரெண்டு டீமும் சேர்ந்து எத்தனை ரன்) பக்கமே யாரும் போக மாட்டாங்க. அப்புறம் புல்பென், அதாவது ஸ்டார்ட்டருக்கு அப்புறம் வர்ற பிட்சருங்க, இன்னைக்கு ஸ்டார்ட்டர் சராசரியா அஞ்சு இன்னிங்ஸ் சொச்சம் தான் போடுறார், மீதி நாலை யார் போடுவாங்க, நேத்து முந்தாநேத்து யார் எத்தனை பந்து போட்டாங்க, இதை விட்டுட்டு ஸ்டார்ட்டரை மட்டும் பாக்குறது கல்யாணத்துல மாப்பிள்ளையை மட்டும் விசாரிச்சுட்டு பொண்ணு கொடுக்கிற மாதிரி.

இன்னொண்ணு, பழைய டேட்டாவை நிறைய போட்டு மாடலை பழக்கலாம்னு அடுத்து தோணும், உங்க வேலைல அது பழக்க தோஷம். ஆனா விளையாட்டே மாறிட்டு இருக்கு. 2019ல 6,776 ஹோம் ரன், 2022ல 5,215, பந்தோட குணமே மாறிப்போச்சு. 2023ல பிட்ச் கிளாக் (பந்து போட நேரக் கெடு), பெரிய பேஸ், ஷிஃப்ட் தடை (ஃபீல்டருங்களை ஒரே பக்கம் குவிக்கக் கூடாது) எல்லாம் ஒரே நேரத்துல வந்துச்சு, திருடின பேஸ் 2,486ல இருந்து 3,503க்கு குதிச்சுது. 2026ல அம்பயரோட பால், ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்துக் கேக்குற சேலஞ்சும் வந்தாச்சு. அஞ்சு வருஷ டேட்டாவை அப்படியே ஊத்தினா இல்லாத ஒரு விளையாட்டுக்கு மாடல் போட்டதா தான் ஆகும்.

சரிக்கா, இதெல்லாம் சேர்த்தா ஜெயிப்பேனான்னு கேப்பீங்க. இங்க தான் விஷயமே இருக்கு. நான் சொன்ன எஃப்.ஐ.பி., பாபிப், பார்க், புல்பென், இதுல ஒண்ணு கூட ரகசியம் இல்ல, ரேட்டு போடுறவங்க மாடல்ல இது எல்லாமே எப்பவோ இருக்கு, இன்னும் 2015ல வந்த ஸ்டேட்காஸ்ட்ங்கிற பந்தை அளக்கிற சிஸ்டம் கொடுக்கிற பந்து வேகம், சுழற்சி, பேட்ல பட்டு கிளம்புற வேகம், கோணம் எல்லாமும் இருக்கு. இதைச் சேர்த்தா நீங்க மார்க்கெட் நிக்கிற இடத்துக்கு வந்து சேருவீங்க, அதைத் தாண்டிப் போக இது போதாது.

உங்க ஷீட்டோட பெரிய ஓட்டை என்னன்னா அது ஸ்கோர் கொடுக்குது, சதவீதம் கொடுக்கல. இந்த டீம் 78 மார்க், அந்த டீம் 64 மார்க், சரி, அதை வச்சு மைனஸ் 140க்கு வாங்கலாமா வேணாமான்னு எப்படிச் சொல்லுவீங்க? காய் வாங்கப் போறப்போ தக்காளி நல்லா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு விலை கேக்காம வர்றதில்லல்ல. ஒரு உதாரணம் போடுறேன். பிட்சர், பேட்டிங், மைதானம் எல்லாம் பாத்து இன்னைக்கு இந்த டீம் 4.6 ரன் எடுக்கும், எதிர் டீம் 4.2 எடுக்கும்னு உங்க மாடல் சொல்லுது, அந்த 1.83 ஃபார்முலால போட்டா 54.2 சதவீதம். இதுக்கு நியாயமான ரேட்டு மைனஸ் 118. ஆப்புல மைனஸ் 130 காட்டினா அது 56.5 சதவீதத்துக்கான விலை, அந்த டீம் ஜெயிக்கும்னு நீங்களே நம்பினாலும் வாங்கக் கூடாது. மைனஸ் 110 காட்டினா 52.4, அப்ப தான் பேச்சே. சில நாள் தோக்கும்னு நீங்க நினைக்கிற டீமைத் தான் வாங்க வேண்டி வரும், அது மனசுக்கு ஒப்பாது, ஃபேவரிட்டாவே பாத்து கட்டுறவங்க பெரும்பாலும் இந்த இடத்துல தான் நழுவுறாங்க. பேஸ்பால்ல மோசமான டீம்னா எவ்வளவு மோசம்? 2024 சிகாகோ வைட் சாக்ஸ் 121 மேட்ச் தோத்தாங்க, நவீன காலத்துல அவ்வளவு தோல்வி யாருக்கும் இல்ல, அவங்களே 41 ஜெயிச்சாங்க, நாலுல ஒண்ணு.

மாடல் தேறுதா இல்லயான்னு பாக்க ஜெயிச்சது தோத்ததை எண்ண வேணாம், 2,450 வரைக்கும் யார் காத்திருக்கிறது. அதுக்கு குறுக்கு வழி ஒண்ணு இருக்கு, குளோசிங் லைன். முதல் பந்து போடுறதுக்கு முன்னாடி கடைசியா நிக்கிற ரேட்டு, அதுல லைன்அப், காத்து, காயம், பெரிய ஆளுங்க பணம் எல்லாம் ஏறியிருக்கும். நீங்க காலைல மைனஸ் 130க்கு எடுத்தது சாயங்காலம் மைனஸ் 145ல மூடினா, தோத்தாலும் பரவால்ல, நல்ல விலைக்கு வாங்கியிருக்கீங்க. தொடர்ந்து 200 மேட்ச் இப்படி இருந்தா மாடல்ல ஏதோ இருக்குன்னு நானே ஒத்துப்பேன். மைனஸ் 140க்கு எடுத்து மைனஸ் 128ல மூடுதுன்னா, ஜெயிச்சாலும் நீங்க ஜாஸ்தி விலை கொடுத்திருக்கீங்க. உங்க 68க்கும் குளோசிங் என்னன்னு எழுதி வச்சிருக்கீங்களா? ஷீட்ல அந்தக் காலமே இல்ல.

என் கதை ஒண்ணு சொல்றேன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், சனிக்கிழமை ராத்திரி மேட்ச், ஞாயித்துக்கிழமை மத்தியானம் மேட்ச், அந்த மாதிரி நாள்ல கேட்சருக்கும் பெரிய பேட்டருக்கும் ரெஸ்ட் கொடுப்பாங்கங்கிறது எனக்கு தெரியும், ஆனா அன்னைக்கு மாடல்ல அந்த டிக்கை மாத்த மறந்துட்டேன். ரேட்டு வெளிய போன ஒரு நிமிஷத்துக்குள்ள எதிர் பக்கம் பணம் வந்து குவிஞ்சுது, சிஸ்டமே தானா ரேட்டை நகத்திடுச்சு, மேனேஜர் என் சீட் பக்கம் வந்து நின்னார், ஒண்ணும் பேசல. என் தப்பைக் கண்டுபிடிச்சவங்க எல்லாரும் முழு நேரமா இதை மட்டுமே பாக்குறவங்க, நாலு ஸ்கிரீன், சொந்த சர்வர். உங்க போட்டி கம்பெனியோட மட்டும் இல்ல, இவங்களோடயும் தான், இவங்க எடுத்துட்டுப் போன மிச்சம் தான் நீங்க ஆபீஸ் முடிஞ்சு ஆறு மணிக்கு வந்து பாக்குற ரேட்டு.

சரி, அதையும் தாண்டி ஜெயிக்கிறீங்கன்னு வைங்க. தொடர்ந்து குளோசிங்கை விட நல்ல விலைக்கு வாங்குற அக்கவுண்ட்டை சிஸ்டம் கொடி போட்டுக் காட்டும், அப்புறம் ஒரு நாள் 100 டாலர் கட்டப் போனா 11 டாலருக்கு மேல வாங்க மாட்டேங்கும். நான் இருந்த இடத்துல தோக்குறவங்க பேர் யாருக்கும் தெரியாது, ஜெயிக்கிறவங்க நம்பர் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால 25,000 டாலரை இறக்கலாமாங்கிற கேள்வில இதுவும் இருக்கு, மாடல் நல்லா இருந்தா அவ்வளவு பணத்தை ரொம்ப நாள் வாங்கிக்க மாட்டாங்க, மோசமா இருந்தா கடைசி டாலர் வரைக்கும் சந்தோஷமா வாங்கிப்பாங்க.

எவ்வளவு கட்டலாம்னு கேட்டீங்க. 1956ல பெல் லேப்ஸ்ல ஜான் கெல்லி எழுதின ஃபார்முலா இருக்கு, மேல சொன்ன உதாரணத்துல உண்மையான சான்ஸ் 54.2, விலை மைனஸ் 110னா, கையில இருக்கிறதுல 3.8 சதவீதம் கட்டுன்னு சொல்லும். ஆனா அந்த 54.2 நீங்களா போட்ட கணக்கு. அது ரெண்டு பாயின்ட் தப்பா இருந்து நிஜம் 52.2னா, கெல்லி பூஜ்யத்துக்கும் கீழ போயிடும், அதாவது கட்டவே கூடாது. அதனால விவரம் தெரிஞ்சவங்க கெல்லில கால்வாசி, ஒரு சதவீதம், அதுக்கு மேல போக மாட்டாங்க. பார்லே, அதாவது பல பெட்டை ஒண்ணா கோத்து எல்லாமே ஜெயிச்சா தான் காசுங்கிற பெட்டு, அது பக்கம் போகவே போகாதீங்க, மைனஸ் 110ல நாலு சேர்த்தா நியாயமா 16 மடங்கு வரணும், 13.28 தான் கொடுப்பாங்க, ஆப்பைத் திறந்ததும் அதை ஏன் முதல்ல காட்டுறாங்கன்னு இப்ப புரியும். ஒவ்வொரு பந்துக்கும் கட்டுற பெட்டும் அதே ரகம், அதுல வேற கிளீவ்லேண்டோட ரெண்டு பிட்சர் மேல 2025 நவம்பர்ல ஃபெடரல் கேஸ் வந்துச்சு, காசு வாங்கிட்டு வேணும்னே பந்தை வெளிய போட்டாங்கங்கிறது குற்றச்சாட்டு, அவங்க மறுத்தாங்க, அது கோர்ட் பாடு, ஆனா ஒரு ஆள் கையில இருக்கிற விஷயத்துக்கு எந்த ஸ்டாட்டும் உதவாது.

பேஸ்பால் தெரிஞ்சா போதும்னு இன்னும் தோணினா இதையும் கேளுங்க. டுகுபிட்டா மார்க்கானோன்னு ஒரு பிளேயர், பிட்ஸ்பர்க்ல இருந்தவர், 2024 ஜூன்ல வாழ்நாள் தடை போட்டாங்க. பேஸ்பால் மேல 387 பெட்டு, ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல. தன் டீம் மேலயும் கட்டியிருக்கார். டிரெஸ்ஸிங் ரூம்குள்ள இருந்த ஆள், யாருக்கு தோள் வலின்னு நேர்ல பாத்த ஆள். எம்.எல்.பி. மேல அவர் கட்டினதுல ஜெயிச்சது 4.3 சதவீதம். தன் டீமை வச்சு கட்டின பார்லே ஒண்ணு கூட ஜெயிக்கல.

வரி பத்தி ஒரு நிமிஷம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. 2025ல வந்த வரிச் சட்டப்படி 2026ல இருந்து சூதாட்ட நஷ்டத்துல 90 சதவீதம் தான் கழிக்க முடியும். நீங்க ஜெயிச்சது சுமார் 3,143, தோத்தது 2,400, லாபம் 743ன்னு நீங்க நினைக்கிறீங்க, ஃபெடரல் வரிக்கு 2,160 தான் கழியும், 983க்கு வரி. அதுவும் ஐட்டமைஸ் பண்ணினா, அதாவது கழிவுகளை ஒவ்வொண்ணா எழுதிக் காட்டினா தான், ஸ்டாண்டர்டு டிடக்ஷன் எடுத்தா நஷ்டத்தைக் கழிக்கவே முடியாது. மீதியை உங்க சி.பி.ஏ., அதாவது ஆடிட்டர் கிட்ட கேளுங்க, ஆனா பாருங்க, ரெண்டு சதவீத எட்ஜ்ங்கிறது இந்த ஒரு வரியிலயே போயிடுது.

இப்ப அந்த கடைசி வரி. வீட்ல இன்னும் சொல்லலன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பணம் ரெண்டு பேரோட பணம், அது மேல எந்த ஃபார்முலாவையும் நான் போட்டுப் பாக்கல, பாக்கவும் மாட்டேன், கெல்லி கணக்கு தோத்தாலும் பாதிக்காத பணத்துக்கு மட்டும் தான். இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 68, 44, 740 மூணையும் அவங்க கிட்ட சொல்லுங்க, ஷீட்டையும் திறந்து காட்டுங்க. சொல்ல வாய் வரலன்னா, இல்ல கேட்டவுடனே அவங்க திட்டுவாங்கன்னு பயந்து டெபாசிட்டை மறைக்கணும்னு கை போகுதுன்னா, பிரச்சனை பேஸ்பால் இல்ல தம்பி. 1-800-கேம்ப்ளர், அதாவது 1-800-426-2537, எப்ப வேணாலும் கூப்பிடலாம், காசு கிடையாது. ஆப்புல டெபாசிட் லிமிட் வைக்கிற இடமும், நம்மளே நம்மளைத் தடை பண்ணிக்கிற இடமும் செட்டிங்ஸ்ல இருக்கு, உங்க ஸ்டேட்லயே தனியா ஒரு லிஸ்ட்டும் இருக்கு, அதுல பேர் கொடுத்தா எல்லா ஆப்பும் மூடிடும். நியூ ஜெர்சி 2018ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் சண்டை போட்டு இந்த பெட்டிங்கை நாட்டுக்கே திறந்து விட்டுச்சு, கூடவே இதையும் வச்சிருக்கு.

மாடல் போடுறது உங்களுக்கு நிஜமா பிடிச்சிருக்குன்னு ஷீட்டைப் பாத்தாலே தெரியுது, லைன்அப் இழுக்கிற அந்த ஸ்கிரிப்ட் சுத்தமா எழுதியிருக்கீங்க, அதை விட்டுடாதீங்க. வின்-லாஸ், 10 மேட்ச் ஃபார்ம், பேட்டர் ரெக்கார்டு மூணு காலத்தையும் அழிச்சுட்டு, எஃப்.ஐ.பி., டபிள்யூ.ஆர்.சி. பிளஸ், பார்க், புல்பென் போட்ட பந்து எண்ணிக்கை போடுங்க, கடைசில மூணு காலம், உங்க சதவீதம், நீங்க பாத்த நேரத்துல இருந்த ரேட்டு, குளோசிங் ரேட்டு. மேட்சுக்கு முன்னாடி எழுதணும், அப்புறம் திருத்தக் கூடாது. வேர்ல்டு சீரிஸ் முடிஞ்சதும் எனக்கு அனுப்புங்க, உக்காந்து வரி வரியா பாக்குறேன். எவ்வளவு கட்டினீங்கங்கிற காலம் மட்டும் அதுல இருக்க வேணாம்.